ஒரு காரணத்தோடு நின்றுவிடாதீர்கள்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

மறதி நோய்க்கு ஊசி வந்துவிட்டது என்ற செய்தி இப்போது நம்முடைய லயங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கொழும்பில் கடையில் நிற்கிற பையன் அதை ஃபோனில் அனுப்புகிறான். கெம்பசில் படிக்கிற பேத்தி, "தாத்தா, அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே, பெரிய பாட்டிக்குக் குடுக்கலாமா?" என்று கேட்கிறாள். ஆசையோடு கேட்கிற பிள்ளைக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். இந்த நோய் எதனால் வருகிறது என்று விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தை விடாமல் படித்துவருகிறேன். மருந்து பற்றித் தெரிந்துகொள்ளத்தான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, வாழ்க்கைக்கு வேண்டிய ஒரு குணமும் அதில் இருப்பது தெரிந்தது. காரணம் தெரியாத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதே அது. உங்கள் வயதிலேயே அது கைவந்துவிட்டால் நல்லது.

லயத்தில் நடந்த வாதம்

பேத்தி சொன்ன பெரிய பாட்டி என் அக்காதான். எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். ரப்பர் மலையில் பாலும் வெட்டியவர். பேர் பதிந்த காலத்திலிருந்து பென்சன் காசு வாங்கிய நாள்வரை பெரட்டுக்குப் பிந்திப் போனதில்லை என்று கணக்கப்பிள்ளையே சொல்லுவார். அத்தான் இறந்த பிறகு அவருடைய பேச்சில் சில மாற்றங்கள் தெரிந்தன. சொன்னதையே திரும்பச் சொன்னார். அடுப்பில் உலை வைத்துவிட்டு மறந்தார். சர்வீஸ் காசை மருமகள் எடுத்துவிட்டாள் என்று அழுதார். நடுச்சாமத்தில் படங்கைக் கட்டிக்கொண்டு, மலைக்கு நேரமாகிவிட்டது என்று இஸ்தோப்பில் வந்து நின்றார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூத்த மகன் செய்வினை என்றான். கோடங்கியிடம் குறி கேட்கப் போனான். மருமகள், வயது போனால் எல்லாருக்கும் இப்படித்தான் என்றாள். மகள், அப்பா போன கவலைதான் அம்மாவை இப்படி ஆக்கிவிட்டது என்றாள். தோட்டத்து மருந்துச்சாலையில் பிரஷர் பார்த்து, அதுதான் காரணம் என்று குளிசை கொடுத்தார்கள். யார் சொன்னது சரி என்ற சண்டை மாதக்கணக்கில் ஓடியது. அதற்குள் அக்காவின் கண்ணாடி உடைந்து கிடந்ததை மாற்ற ஒருவருக்கும் நேரமில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிபுணரிடம் காட்டினார்கள். அல்சைமராக இருக்க வேண்டும், அதோடு மூளையின் சின்ன இரத்தக் குழாய்களும் சேதப்பட்டிருக்கின்றன, மனச்சோர்வும் இருக்கிறது என்று அவர் சொன்னார். பிரஷர் என்றவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. கவலை என்ற மகளின் பேச்சிலும் உண்மை இருந்தது. தன் காரணம் ஒன்றே முழுக் காரணம் என்று ஒவ்வொருவரும் நின்றதுதான் காலத்தைத் தின்றது.

இதே சண்டை உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களிலும் நடந்திருக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள்.

கண்ணாடிக்கடியில் தெரிந்த இரண்டு

1901 நவம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநல ஆஸ்பத்திரிக்கு அகஸ்டே டீட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வயது 51. கணவன்மேல் தீராத சந்தேகம், வீட்டுக்குள்ளேயே தடுமாற்றம், தன் பெயரை எழுதத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும் கை. அலொய்ஸ் அல்சைமர் என்ற டொக்டர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். 1906இல் அந்தப் பெண் இறந்ததும், அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளிச் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அதே வருஷம் நவம்பரில் டியூபிங்கன் நகரத்தில் டொக்டர்கள் கூட்டத்தில் தான் கண்டதைச் சொன்னார்.

அவர் கண்டவை இரண்டு. நரம்புக் கலங்களுக்கு வெளியே படிந்திருந்த கழிவுத் திட்டுகள் ஒன்று. கலங்களுக்கு உள்ளே முறுக்கிக் கிடந்த இழைச் சிக்கல்கள் மற்றொன்று. 1910இல் எமில் கிரெப்பலின் தன்னுடைய பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். திட்டா, சிக்கலா, இரண்டுக்கும் பின்னால் இருக்கிற வேறொன்றா, எது முதலில் வந்தது என்ற கேள்விக்கு இன்றைக்கும் முடிவான பதில் கிடைக்கவில்லை.

கருவி இல்லாமல், பட்டம் இல்லாமல், நீங்களும் செய்யக்கூடிய ஒன்றை அல்சைமர் செய்தார். நோயாளியின் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே எழுதினார். வீட்டில் ஒருவருக்கு மாற்றம் தெரிந்தால், என்றைக்கு, என்ன நேரத்தில், என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிளினிக்கில் டொக்டருக்கு உங்கள் ஊகத்தைவிட அந்தக் கொப்பி நூறு மடங்கு உதவும்.

ஒரு குழியில் போட்ட முதல்

1984இல் ஜோர்ஜ் கிளெனர், கெய்ன் வோங் என்ற இருவர் அந்தப் படிவின் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அமிலொயிட் பீட்டா என்று பெயர். அந்தப் புரதத்துக்கான மரபணு 21ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. டவுன் நோய்க்குறியோடு பிறப்பவர்களுக்கு அந்த நிறமூர்த்தம் மூன்று உண்டு. அவர்களுடைய மூளையில் நாற்பது வயதளவிலேயே இந்தத் திட்டுகள் படிந்துவிடுகின்றன. இரண்டும் பொருந்தி வந்தன.

அடுத்த சான்று ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கேரல் ஜெனிங்ஸ் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியை 1986இல் லண்டன் ஆய்வாளர்களுக்கு எழுதினார். தன் தகப்பனுக்கும் தகப்பனோடு பிறந்த சிலருக்கும் ஐம்பதுகளிலேயே இந்த நோய் வந்திருக்கிறது, எங்கள் குடும்பத்தைப் பரிசோதிக்க விருப்பமா என்று கேட்டார். அந்தக் குடும்பத்தின் இரத்தத்தை ஆராய்ந்த அலிசன் கோட், ஜோன் ஹார்டி குழுவினர் 1991இல் அமிலொயிட் மரபணுவில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்சும் தங்கள் கருதுகோளை எழுதினார்கள்: அமிலொயிட் படிவதே முதற்காரணம், மற்றக் கேடுகள் எல்லாம் அதிலிருந்து வரிசையாக வருகின்றன.

அறிவுள்ள எவரையும் இழுக்கக்கூடிய கருத்து அது, சான்றுகளும் பலமானவை. பணமும் திறமையும் அந்தப் பக்கமே போயின. நம் இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு குழியில் நல்ல கல் ஒன்று விழுந்துவிட்டால் பங்காளிகள் எல்லாரும் முதலை அந்த இடத்திலேயே போடுவார்கள். பக்கத்து வயலில் இல்லம், அதாவது மாணிக்கம் கிடைக்கிற மண்படை, ஓடுகிறதா என்று பார்க்க ஆள் கிடைக்காது. அமிலொயிட் ஆராய்ச்சியிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

முதலில் தடுப்பூசி முயற்சி. சிலருக்கு மூளை வீக்கம் கண்டதால் 2002இல் அது நிறுத்தப்பட்டது. அமிலொயிட் உண்டாவதையே தடுக்கப் பார்த்த செமகசெஸ்டாட் என்ற மருந்து நோயாளிகளின் நிலையை இன்னும் மோசமாக்கியது. 2010இல் அதையும் கைவிட்டார்கள். 2012இல் பாப்பினியுசுமாப் தோற்றது. 2016இல் சொலனெசுமாப் தோற்றது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் நம்பிக்கையும் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்த பிள்ளைகளின் உழைப்பும் இருந்தன.

பக்கத்தில் நின்றவர்கள் வேறு சான்றுகளைக் காட்டிக்கொண்டேயிருந்தார்கள். ஞாபகம் குறைகிற அளவு திட்டுகளோடு பொருந்துவதைவிட, டவ் என்ற புரதத்தின் சிக்கல்களோடு நன்றாகப் பொருந்துகிறது என்று ஒரு சாரார் சொன்னார்கள். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் சேர்ந்தார்கள். இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 101 வயதுவரை வாழ்ந்த ஒரு சகோதரி கடைசிவரை பரீட்சைகளில் நல்ல புள்ளி எடுத்தவர். அவருடைய மூளையைத் திறந்து பார்த்தால் திட்டும் சிக்கலும் நிறைய இருந்தன. அப்படியானால் படிவு மட்டும் நோயாகிவிடாது. மூளையின் காவல் கலங்கள் ஓயாமல் அழற்சியில் இருப்பது ஒரு காரணம் என்கிறார்கள் சிலர். கிருமித் தொற்று என்கிறார்கள் வேறு சிலர். வேல்ஸ் நாட்டில் அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்ற ஆய்வு 2025இல் வெளிவந்த பிறகு அந்தப் பேச்சுக்கும் காது கிடைத்திருக்கிறது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்களோடு சேர்ந்து இலங்கை முதியவர்களின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். அல்சைமர் மாற்றங்களோடு இரத்தக் குழாய்க் கேட்டுக்கும் அவர்கள் முக்கிய இடம் கொடுத்தார்கள். என் அக்காவைப் பார்த்த நிபுணர் சொன்னதும் அதுதான்.

பிள்ளைகளே, வாழ்க்கையில் எதற்காவது ஒரு காரணம் கண்டுபிடித்ததும் மனம் இலேசாகிவிடும். பரீட்சையில் தோற்றதற்கு வாத்தியார் காரணம், வேலை கிடைக்காததற்கு சாதி காரணம், அப்பா குடிப்பதற்கு அம்மாவின் வாய் காரணம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். அதில் உண்மை இருக்கக்கூடும். அதுமட்டுமே உண்மையா, அதற்குப் பொருந்தாத சம்பவம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பொருந்தாத ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தள்ளிவிடாதீர்கள். அடுத்த காரணத்துக்கு வழி அங்கேதான் இருக்கும்.

எண்ணைக் கேளுங்கள், சான்றைக் கேளுங்கள்

2006இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. அமிலொயிட்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளின் ஞாபகத்தைக் கெடுக்கிறது என்று அது சொன்னது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான தடவை அதை மேற்கோள் காட்டினார்கள். மத்தியூ ஷ்ராக் என்ற நரம்பியல் டொக்டர் அதிலுள்ள படங்களை உற்றுப் பார்த்து, அவை மாற்றப்பட்டிருக்கின்றன என்று எடுத்துச் சொன்னார். 2022இல் சயன்ஸ் சஞ்சிகை அதை விரிவாக வெளியிட்டது. 2024இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அமிலொயிட் கருதுகோள் அந்த ஒரு கட்டுரையில் மட்டும் நிற்கவில்லை. ஆகவே அதனோடு சேர்ந்து விழுந்துவிடவும் இல்லை. ஆனாலும் பதினெட்டு வருஷம் அது பாடமாக இருந்தது. எத்தனை பேர் திருப்பிச் சொன்னாலும், எவ்வளவு பெரிய இடத்தில் அச்சானாலும், படத்தைப் பார்க்கிற கண் ஒன்று வேண்டும். அந்தக் கண் உங்களுக்கும் இருக்கலாம்.

2021 ஜூனில் அடுகனுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி கொடுத்தது. அதன் சொந்த ஆலோசனைக் குழுவே சான்று போதாது என்று சொல்லியிருந்தது. அனுமதி வந்ததும் குழுவின் மூன்று நிபுணர்கள் பதவி விலகினார்கள். நோயாளிகளும் குடும்பங்களும் எப்படியாவது ஒரு மருந்து வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஏக்கத்தைப் புரிந்துகொண்டும், இது போதாது என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். 2024இல் கம்பனியே அந்த மருந்தைக் கைவிட்டது.

இப்போது உங்கள் ஃபோனுக்கு வந்த செய்திக்கு வருகிறேன். லெக்கனெமாப் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. டொனனெமாப் 2024இல் வந்தது. நோயின் ஓட்டத்தை லெக்கனெமாப் 27 வீதம் மந்தப்படுத்துகிறது என்று செய்தி சொல்கிறது; அது உண்மை. அந்த எண் எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 1,795 பேரைப் பதினெட்டு மாதம் பார்த்தார்கள். 18 புள்ளி கொண்ட ஓர் அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. மருந்து பெற்றவர்களும் தேறவில்லை; அவர்களுடைய சரிவு கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். அவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் மூளையில் வீக்கம் தெரிந்தது. தொடக்கத்தில் இரண்டு கிழமைக்கொரு தடவை நாளம் வழியாக ஏற்ற வேண்டும், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அறிவித்த விலை வருஷத்துக்கு 26,500 டொலர்.

அமிலொயிட்டை அகற்றினால் சிறிதேனும் பயன் உண்டு என்று இது காட்டுகிறது என்கிறார்கள் ஒரு பக்கத்தார். இவ்வளவையும் அகற்றிய பிறகும் இவ்வளவுதான் கிடைக்கிறது என்றால் முதற்காரணம் வேறெங்கோ இருக்கிறது என்கிறார்கள் மறுபக்கத்தார். சான்று ஒன்றுதான். பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2024இல் அனுமதி கொடுத்தார்கள்; ஆனால் அரசாங்கச் செலவில் கொடுக்க இது தகாது என்று அங்கேயே இன்னொரு அமைப்பு சொன்னது.

பேத்திக்கு என் பதில் இதுதான். பெரிய பாட்டியின் நோய் அந்த ஊசிக்கு உரிய கட்டத்தைத் தாண்டிவிட்டது. எந்த வீட்டிலும் இதற்காகத் தோடு அடகு வைக்க வேண்டாம், கடன் பட வேண்டாம். டொனெபெசில் போன்ற பழைய மாத்திரைகள் நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு தரும். அதை டொக்டர் தீர்மானிக்கட்டும். ஞாபகசக்திக்கு என்று விளம்பரம் செய்யும் லேகியம், டொனிக் எதையும் வாங்கி ஏமாறாதீர்கள். வல்லாரைச் சம்பலைச் சோற்றோடு ருசித்துச் சாப்பிடுங்கள். அதை மருந்தென்று நம்பி கிளினிக்கை விட்டுவிடாதீர்கள்.

தெரிந்ததைச் செய்ய முடிவு வரத் தேவையில்லை

காரணம் என்னவென்று வாதம் முடியவில்லை. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? லான்செட் சஞ்சிகை அமைத்த நிபுணர் குழு 2024இல் பதினான்கு அபாயக் காரணிகளைச் சொன்னது. வாழ்நாள் முழுக்க அவற்றைக் கவனித்தால் உலகத்தில் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அந்தப் பட்டியலைப் படித்தபோது நம் லயம்தான் கண்முன் வந்தது.

பட்டியலில் முதலில் வருவது சிறுவயதுப் படிப்பு. நம் பாட்டிமாருக்குக் கிடைத்தது பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் ஒரு வாத்தியாரும்தான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில்தான் கையேற்கத் தொடங்கியது. அந்தத் தலைமுறைக்கு மறுக்கப்பட்ட படிப்பு, முதுமையில் அவர்களுடைய மூளையைக் காக்கவும் இல்லாமல் போய்விட்டது. ஆகவே ஓ.எல்.லோடு படிப்பை விட்டுவிட்டு கடைக்கு ஓடாதீர்கள். தங்கச்சியையும் ஓடவிடாதீர்கள்.

பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புகை, குடி, பருமன், உடல் அசையாமை, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, அசுத்தக் காற்று, காது, கண் என்று பட்டியல் போகிறது. கசிப்புக் குடித்து விழுந்து தலையில் அடிபடுகிற மாமன், ஒரே நாளில் இரண்டு காரணிகளைச் சேர்த்துக்கொள்கிறார். பெக்டரியில் ரோலர் சத்தத்தில் வேலை செய்து காது மந்தமானவரைச் செவிடு என்று கேலி பண்ணாமல், காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். கண்ணில் பூ விழுந்தவருக்கு சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்துக் கொடுங்கள். புகைபோக்கி இல்லாத அடுப்படியில் விறகுப் புகை சுற்றுகிறது. கூரையில் ஒரு வழி திறந்து விடுங்கள். முப்பது வயதிலிருந்து பிரஷர் பாருங்கள். ரொட்டிக்குச் சம்பலில் போடுகிற உப்பைக் குறையுங்கள்.

இன்னொன்று நமக்கென்றே இருக்கிற செல்வம். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு, ஒரு மொழி பேசுகிறவர்களைவிட ஏறக்குறைய நாலரை வருஷம் பிந்தித்தான் நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. சப்ரகமுவையில் நாம் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்கிறோம். லயத்தில் தமிழும் சந்தையில் சிங்களமும் பேசியே வளர்ந்தோம். இரண்டு மொழி பேசினால் நோயே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டையும் நன்றாகப் பேசுங்கள், எழுதுங்கள். மூளைக்கு உதவினால் நல்லது, அயலவனோடு பேச எப்படியும் உதவும்.

பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு

மருந்து ஆராய்ச்சி அதன் வழியில் போகட்டும். வீட்டில் இருக்கிற பாட்டிக்கு இன்றைக்கு என்ன செய்வது?

முதலில் நோய் அதுதானா என்று பாருங்கள். தைரொயிட் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், இவையெல்லாம் மறதியைத் தரும், கவனித்தால் சரிசெய்யக்கூடியவை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினால், அது தொற்றாக இருக்கலாம், பாரிசவாதமாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது தமிழும் சிங்களமும் தெரிந்த பிள்ளை ஒன்று கூடப் போக வேண்டும். என் அக்காவிடம் இன்றைக்குத் திகதி என்ன என்று கேட்டார்கள், பேசாமல் இருந்தார். கலண்டர் பார்த்து வாழ்ந்தவர் இல்லை அவர். தீபாவளி முற்பணம் எந்த மாதம் போடுவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும், பால் வெட்டப் போவது காலையிலா மாலையிலா என்று கேட்ட பிறகுதான் எது போய்விட்டது, எது இருக்கிறது என்று டொக்டருக்குத் தெரிந்தது. படித்த நகரத்து மனிதரை வைத்துச் செய்த பரீட்சை, படிக்க வாய்ப்பில்லாதவரைச் சரியாக அளக்காது. அதை டொக்டரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் அவரோடு வாதாடாதீர்கள். காசைக் காணோம் என்றால், "வாங்க, ரெண்டு பேருமாத் தேடுவோம்" என்று எழும்புங்கள். பெரட்டுக்குப் போக வேண்டும் என்று நின்றால், "இன்னிக்கு மழை, மலைக்குப் போகலையாம்" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுங்கள். கை சும்மா இருந்தால் மனம் அலையும். கீரை ஆயக் கொடுங்கள், அரிசி புடைக்கக் கொடுங்கள். கொழுந்து பறித்த விரல்களுக்கு அது பிடிக்கும். மகனின் பெயர் மறந்தவர்கூட, மாசி மாதத்துக் காமன் கூத்துப் பாட்டைத் தொடங்கி வைத்தால் கூடப் பாடுவார். பாடவிடுங்கள். சட்டைப்பைக்குள் பெயரும் டிவிசனும் ஃபோன் இலக்கமும் எழுதிய துண்டு எப்போதும் இருக்கட்டும்.

பார்க்கிற பாரம் பெரும்பாலும் ஒரு மகளின் தலையிலோ மருமகளின் தலையிலோதான் விழுகிறது. அவளும் காலையில் மலைக்குப் போக வேண்டியவள். ஆண் பிள்ளைகளே, முறை போட்டுக்கொள்ளுங்கள். காசு அனுப்புவது உதவிதான்; இரவில் ஒரு வேளை விழித்திருப்பது அதைவிடப் பெரிய உதவி. கொழும்பில் இருக்கிறவர்கள் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷனுக்குப் போய், பராமரிப்பதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து ஊரில் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது

ராகமையில் 65 வயதைத் தாண்டிய 703 பேரைப் பார்த்து, நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்று 2003இல் எழுதினார்கள். தேடிப் பார்த்ததால்தான் அவர்கள் கணக்கில் வந்தார்கள். பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை மலைகளிலும் அப்படித் தேட வேண்டும். படிக்காதவர்கள், புகையில் வாழ்ந்தவர்கள், இரு மொழி பேசியவர்கள், வயோதிபத்திலும் உழைத்தவர்கள் என்று நம் முதியவர்களிடம் இந்த வாதத்துக்கு வேண்டிய சான்று எத்தனையோ இருக்கிறது. அவர்களுடைய மொழியில் கேட்கத் தெரிந்த ஆய்வாளர் வேண்டும். உங்களில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறவர்கள் அந்த வேலைக்குப் போங்கள்.

போகும்போது இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேரல் ஜெனிங்ஸ் விஞ்ஞானி அல்ல. கடிதம் எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியை. தன் குடும்பத்து நோயை வெட்கப்பட்டு மறைக்காமல் வெளியே சொன்னார். பிறகு அந்த நோய் அவருக்கும் வந்தது. 2024இல் இறந்த பிறகு அவருடைய மூளையும் ஆய்வுக்குப் போனது. மத்தியூ ஷ்ராக் தன் துறையே நம்பியதைத் திரும்பச் சோதித்தார். முதலாமவர் உண்மையை மறைக்கவில்லை. இரண்டாமவர் சோதிக்காமல் எதையும் ஏற்கவில்லை. இந்த இரண்டும் இருந்தால் எந்த வாதத்திலும் நீங்கள் வழி தவற மாட்டீர்கள்.

காரணம் ஒன்றாக இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். தெரியாததை இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரிந்தவரைக்கும் இன்றைக்கே செய்யுங்கள். இந்தக் கிழமை வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டியின் பிரஷரைப் பார்க்கக் கூட்டிப் போங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றிக் கொடுங்கள். முறைக்கு ஒரு இரவு விழித்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் தாத்தா